தூரத்தோடு உயரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிளிலும் கால்நடையாகவும் ஒரு மலைக்குப் போய்வருவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் தூரத்தைச் சொன்ன நீங்கள், எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இதே தப்பைச் செய்து அகப்பட்டுக்கொண்டவளும்கூட.

போன மாதம் அக்கா மகனோடு ஒரு மலைக்குப் போனேன். 14 கி.மீ. சைக்கிள், அப்புறம் உச்சிவரை 4 கி.மீ. ஒற்றையடிப் பாதை. "நாலு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம்" என்று சொன்னது நான்தான். முதல் 11 கி.மீ. பேச்சிலேயே கழிந்தது. மிச்சம் 3 கி.மீ.யில் சாலை 240 மீட்டர் உயர்ந்தது. நூற்றுக்கு எட்டு என்று தாளில் எழுதினால் சின்னதாகத்தான் தெரிகிறது! பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றியும் முடியாமல், பாதித் தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

நடைபாதையின் ஏற்றம் 500 மீட்டர் என்பது வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு 48 நிமிடம், அதோடு 50 நிமிடம். ஓய்வெடுக்கும் நேரம் இதில் சேராது. எங்களுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது.

உச்சியில் மேகத்தின் நிழல் வயல்மேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே லாரி ஓடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குளிர்ந்துவிடும் என்பதால், வியர்வையில் நனைந்த சட்டையோடு அவன் நடுங்க ஆரம்பித்தான். கிளம்பும்போது மணி ஐந்தேகால்.

சைக்கிள் நிறுத்திய இடத்துக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. விளக்கு இல்லை. பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினேன். "சித்தி, பிடிச்சுக்கிட்டே வராதீங்க, விட்டு விட்டுப் பிடிங்க" என்று கத்தினான். நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் ரிம் கொதித்தது. சூடு ஏறினால் டியூப் வெடித்துவிடும் என்றான். ஆறும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மீதியை உருட்டிக்கொண்டே வந்தோம்.

மூன்று நாள் மாடிப்படி ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, வலியும் மறுநாள்தான் முழுசாகத் தெரிகிறது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வந்தால் தூரத்துக்குப் பக்கத்தில் ஏற்றம் எத்தனை மீட்டர் என்று ஒரு எண் சேர்த்துவிடுங்கள். மிச்சக் கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி