போர்ப்படம் எடுக்கப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

உன் திரைக்கதையைப் படித்தேன். உன்னைப் போலப் போர்ப்படம் எடுக்க நினைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உன் கதாநாயகன் ஏகே-47இன் விசையைவிட்டுக் கையெடுக்காமல் ஒரு காட்சி முழுக்கச் சுடுகிறான். அது நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டாக்கள் சுடும் வேகம் கொண்டது. மேகசினில் இருப்பதோ 30. மூன்று விநாடியில் காலியாகிவிடும். கையெறி குண்டு வெடித்தால் ஆளுயரத்துக்குத் தீ எழாது. புழுதியும் புகையும்தான் கிளம்பும். ஆளைக் கொல்வது தெறிக்கும் இரும்புச் சில்லு.

ஒலிப்பதிவு செய்பவரிடமும் ஒன்று சொல். ரைபிள் தோட்டா ஒலியைவிட வேகமாக வருவது. தூரத்திலிருந்து சுட்டால், சாட்டையைச் சொடுக்கியதுபோல் தலைக்கு மேலே ஒரு சத்தம் முதலில் கேட்கும். துப்பாக்கி வெடித்த சத்தம் பிறகுதான் வந்து சேரும். அந்த இடைவெளியை வைத்துத்தான் எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிப்போம். பெரும்பாலான படங்களில் இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் திருத்திவிடலாம். எனக்கு ஆறாதது வேறு. உன் கதையில் யாருக்கும் களைப்பே இல்லை. 1999இல் கார்கிலில் நம் வீரர்கள் மூச்சு முட்டும் உயரத்தில், சுமையோடு, இருட்டில் பாறையைப் பிடித்து ஏறினார்கள். சுடுவதற்கு முன்பே உடம்பு பாதி செத்துவிடும். சியாச்சினில் 1984 முதல் எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. அதுவும் போர்தான், மருமகனே.

பர்மாவில் தொழில் செய்துவந்த நம் செட்டிநாட்டுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் பர்மாவின் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் காட்டு வழியாக, மலை ஏறி, நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். நம் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கு முன்னால் படப்பிடிப்பு நடத்த எத்தனை பேர் இங்கே வருகிறார்கள்! அந்த நடையை நினைப்பவர்கள் எத்தனை பேர்?

மலையுச்சியில் நண்பன் சாகும்போது பேசும் நீண்ட வசனத்தை எடுத்துவிடு. அவன் சாக வேண்டாம், காயத்தோடு கிடக்கட்டும். அவனைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் வழுக்கும் பாறையில் விடியும்வரை இறங்குவதை எழுது. தண்ணீர் தீரட்டும், தோள் மாற்றட்டும், ஒருவன் கோபத்தில் கத்தட்டும். எழுதியதும் அனுப்பு, வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா
தேவகோட்டை