ஆம்ப்பை விற்க அவசரப்படாதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார் என்று எனக்கே விளக்கம் சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கிட்டார் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையரை) விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கப்போவதாக எழுதியிருந்தாயே, கொஞ்சம் பொறு. முதலில் ஸ்பீக்கரை மாற்றிப் பார்.

என்னிடம் இருப்பதும் உன்னுடையதைப் போன்றதுதான்: 15 வாட் வால்வு ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது), பவருக்கு ஈஎல்84 என்ற வால்வு இரண்டு, ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர். க்ளீனாக வாசித்தால் டப்பா சத்தம், ஓவர்டிரைவ் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கினால் மேல் கம்பிகள் காதைக் குத்தும். போன வருஷம் அதில் செலஸ்டியன் கம்பெனியின் க்ரீன்பேக் என்ற ஸ்பீக்கரை மாட்டினேன். வால்வு மாற்றினால் வித்தியாசத்தை நாமே தேடிக் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் மாற்றியது அடுக்களையில் இருந்தவளுக்கே தெரிந்துவிட்டது, "என்ன, புதுசா ஏதும் வாங்கினீங்களா?" என்று வந்து நின்றாள்.

ஏன் இவ்வளவு மாற்றம் என்று கேட்பாய். வீட்டு ஸ்டீரியோவின் வேலை, வந்த ஒலியை வந்தபடி கொடுப்பது. கிட்டார் ஸ்பீக்கருக்கு அந்த நேர்மை கிடையாது. பெரும்பாலானவற்றில் 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 வரை ஒலி தூக்கலாக வரும் ஒரு மேடு இருக்கும், 5,000-ஐத் தாண்டினால் சரசரவென்று இறங்கிவிடும். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டரே கிடையாது. டிஸ்டார்ஷனில் கிளம்பும் கரகரப்பை வடிகட்டுவது இந்தச் சரிவுதான். அதே சிக்னலை ஸ்டீரியோவில் கொடுத்துப் பார், தேனீக்கூட்டம் மாதிரி இரையும். அதனால் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மேடைக்கான பி.ஏ. ஸ்பீக்கர் எதையாவது தூக்கிவந்துவிடாதே. திருகு துளை பொருந்தினாலும் ஒலி பொருந்தாது. (1964-ல் கிங்க்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் கோனை (அதிரும் காகிதக் கூம்பை) பிளேடால் கீறித்தான் அந்த முரட்டு ஒலியை எடுத்தார். நீ கிளம்பிவிடாதே.)

எதை வாங்குவது? செலஸ்டியனின் இன்னொரு ஸ்பீக்கரான வின்டேஜ் 30 பற்றிக் கேட்டிருந்தாய். பெயரில்தான் 30, தாங்குவது 60 வாட். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 100 டெசிபல். மேல் மிட் (நடு ஒலிகளில் மேல்பகுதி) முந்திக்கொண்டு வரும், பேண்டில் டிரம்ஸைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் நல்லது. தனியாக உட்கார்ந்து வாசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. க்ரீன்பேக் 25 வாட், 98 டெசிபல். பாஸ் கொஞ்சம் தளர்வு, ட்ரெபிள் மழுப்பல், நடுவில் இதமான கனம். பழைய ஃபெண்டர் ஆம்ப்பின் பளபளப்பு வேண்டுமென்றால் ஜென்சன் ஸ்பீக்கர். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த செலஸ்டியன் ப்ளூ அழகுதான், ஆனால் விலை கூடுதல். அது தாங்குவதும் 15 வாட்தான், நம் ஆம்ப்பை முழுக்கத் திருகினால் அதைவிடக் கூடுதலாகவே வரும்.

டெசிபலைச் சாதாரணமாக நினைக்காதே. 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். பெரிய ஆம்ப் வாங்கித் தேடவிருந்த சத்தத்தை ஸ்பீக்கரிலேயே எடுத்துவிடலாம். உன் கதை வேறு. அபார்ட்மெண்டில் இருக்கிறாய், கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே முறைக்கிறார் என்கிறாய். உனக்கு க்ரீன்பேக்தான் என்பேன்.

வாங்கும் முன் பழைய ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) என்று பார். 8 என்றால் 8 ஓம்ஸ்தான் வாங்க வேண்டும். மல்ட்டிமீட்டர் வைத்தால் 6, 7 என்று காட்டும், பயப்படாதே, அது டிசி ரெசிஸ்டன்ஸ் (நேர்மின்னோட்டத்துக்கான தடை), அப்படித்தான் இருக்கும். முக்கியமாக, ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். காந்தத்தின் ஆழத்தையும் அளந்துகொள், பெரிய காந்தம் வால்விலோ ட்ரான்ஸ்ஃபார்மரிலோ போய் இடிக்கும்.

மாட்டுவது அரைமணி வேலை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்பைக் கொஞ்ச நேரம் ஆறவிடு. எந்த வயர் பிளஸ்ஸில் இருந்தது என்று குறித்துக்கொள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் கோன் கிழிந்துவிடும், மேலே ஒரு அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. ஒரே பக்கம் இறுக்கினால் ஃப்ரேம் கோணிக்கொள்ளும்.

புதிதில் விறைப்பாக ஒலிக்கும், உடனே தீர்ப்பு சொல்லிவிடாதே. நாலைந்து வாரம் வாசித்தால் கோன் இளகும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விற்றுக்கொள். ஆனால் பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதே, விற்கும்போது அதையே மாட்டிக் கொடுத்துவிட்டுப் புதியதை நீயே வைத்துக்கொள்ளலாம்.

ஆம்ப்பின் பின்புறத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, காந்தத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
உன் பழைய ரிதம் கிட்டார்