பதவி பிள்ளைக்கு, வேலை உங்களுக்கா?

அமெரிக்க ஹைஸ்கூல்களில் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு, குறிப்பாக இந்த வருடம் நேஷனல் ஹானர் சொசைட்டி என்ற மாணவர் அமைப்பில் பிரசிடெண்ட், செகரட்டரி, டிரஷரர் என்று ஏதாவது ஒரு பதவிக்குத் தேர்வான பிள்ளைகளின் வீட்டாருக்கு,

வணக்கம். முதலில் வாழ்த்துகள். வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல்கள் ஓய்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான்: அந்தப் பதவிக்கான வேலையைப் பிள்ளையே செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள். இதைப் போய் ஒருவர் மடல் போட்டுச் சொல்ல வேண்டுமா என்றால், சொல்ல வேண்டித்தான் இருக்கிறது. உறுப்பினர்கள் எத்தனை மணி நேரம் சேவை செய்தார்கள் என்ற சர்வீஸ் ஹவர்ஸ் கணக்கை அப்பா நிரப்புகிறார், நிதி திரட்டும் காசு பணம் அனுப்பும் ஸெல் (Zelle) செயலி வழியாக அம்மாவின் கணக்கில் வந்து விழுகிறது, கூட்டத்துக்கான அஜெண்டாகூட வீட்டிலேயே தயாராகிறது. பிள்ளை மாடியில் உட்கார்ந்து கால்குலஸ் போடுகிறது.

இந்த அமைப்பு 1921-ல் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் ஆரம்பித்தது. படிப்பு, சேவை, தலைமை, நன்னடத்தை என்று நான்கு தூண்கள். தேசிய விதிப்படி ஜி.பி.ஏ. என்கிற மதிப்பெண் சராசரி 4-க்கு 3.0 இருந்தாலே விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடும், ஒவ்வொரு பள்ளியும் அதைக் கூட்டிக்கொள்ளலாம், நம்மவர்கள் குவியும் ஊர்களில் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். எப்படியிருந்தாலும் மார்க் வாசல்வரைதான் கொண்டுவிடும், உள்ளே போன பிறகு மீதி மூன்றும்தான் வேலை. இன்னொன்று, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது பிரின்சிபால் நியமிக்கும் 5 ஆசிரியர் குழு. மாணவ நிர்வாகிகளுக்கு அதில் ஓட்டு கிடையாது. ஆகவே பிரசிடெண்டின் அம்மாவைக் கோயிலில் மடக்கி "எங்க பொண்ணு அப்ளை பண்ணியிருக்கா, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்பவர்கள் தயவுசெய்து அந்த அம்மாவை நிம்மதியாகச் சாமி கும்பிட விடுங்கள்.

அப்படியானால் நிர்வாகிகளுக்கு என்னதான் வேலை? பள்ளிக்குப் பள்ளி அந்த சாப்டரின், அதாவது அங்கிருக்கும் கிளையின், விதிகள் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். பிரசிடெண்ட் கூட்டத்தை நடத்த வேண்டும். பஸ் கிளம்புவதற்குள் அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், கத்துகிறவனை அடக்க வேண்டும், மூலையில் உட்கார்ந்திருக்கிறவளைப் பேச வைக்க வேண்டும், ஒரு திட்டம் சொதப்பினால் அமைப்பைக் கவனிக்கும் ஆசிரியரான அட்வைசரிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும். வைஸ் பிரசிடெண்டிடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கமிட்டியைக் கொடுப்பார்கள், டியூட்டரிங் மாதிரி. டியூட்டர் வராமல்போன நாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அல்ஜிப்ரா புத்தகத்தோடு லைப்ரரியில் தனியாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வேறு ஆள் பார்ப்பதோ, இல்லை தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதோ வைஸ் பிரசிடெண்டின் பொறுப்பு. அதற்கு மின்னஞ்சல் போடும் அப்பா எதற்கு?

டிரஷரர் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். கப்கேக் விற்ற காசு பள்ளியின் மாணவர் கணக்கில்தான் போக வேண்டும். எண்ணும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், தாளில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், முடிந்தால் அன்றைக்கே ஆபீஸில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அந்தக் காசு முழுவதும் ஒரு அம்மாவின் சொந்தக் கணக்கில் சேர்ந்தது. அவர் ஒரு பைசா எடுத்திருக்க மாட்டார், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து "இப்போ கையில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டபோது டிரஷரரான பையனுக்குப் பதில் தெரியவில்லை. "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான். சிரிப்பு அடங்க நேரமானது. அந்த வருடம் முழுக்க அவனை யாரும் டிரஷரர் என்று மதிக்கவில்லை, பாவம் அவன் என்ன செய்வான்.

செகரட்டரி பதவியைச் சின்னதாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் நான்கில் கடினமானது அதுதான். மினிட்ஸ் எழுதுவது என்றால் யார் யார் வந்தார்கள், என்ன முடிவானது, எதை யார் எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், இவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். ஆனால் ஹவர்ஸ் கணக்கு அப்படியில்லை. ஃபுட் பேங்கில் டப்பாக்களின் காலாவதித் தேதி பார்த்துப் பிரித்து அடுக்கிய இரண்டு மணி நேரத்தை நெருங்கிய தோழி நான்கு என்று எழுதிக் கொடுப்பாள். அதை ஏற்றுக்கொள்ள முடியாது, அங்கே கையெழுத்துப் போட்டவரிடம் திருத்தி வாங்கி வா என்று பதினாறு வயதில் தோழியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசான காரியமா? நன்னடத்தை என்று நாலாவது தூணில் எழுதி வைத்திருப்பது கடைசியில் இந்த மாதிரி இடத்தில்தான் வந்து நிற்கிறது. அங்கே போய் அப்பா தன் எக்செல் திறமையைக் காட்டினால் பிள்ளைக்கு மிச்சம் என்ன இருக்கிறது? புது உறுப்பினர்களைச் சேர்க்கும் விழாவிலும் அதே கதைதான். மெழுகுவர்த்தி ஏற்றுவதை எல்லோரும் படம் பிடிப்போம். அதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு புது உறுப்பினரிடமும் போய் "உன் பேரை எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டுக் குறித்துவைத்த செகரட்டரியை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. யாழினி, இளவழகன் என்று ஆசையாகப் பேர் வைத்துவிட்டு மேடையில் அது படும் பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த வேலையின் அருமை புரியும்.

காலேஜ் அப்ளிகேஷனுக்காகத்தானே இதெல்லாம் என்று வெளிப்படையாகவே சொல்வீர்கள். சரி, அதையும் பேசிவிடுவோம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பள்ளிக்கு வெளியே, உள்ளே செய்ததையெல்லாம் எழுத மொத்தம் 10 இடம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் இடைவெளி உட்பட 150 எழுத்து. பதவியின் பேரை எழுதிவிட்டு, என்ன செய்தாய் என்ற இடத்தில் பிள்ளை என்ன எழுதும்? தானே செய்திருந்தால் 150 போதவில்லை என்று புலம்பும். செய்யாவிட்டால் அந்த 150-ஐ நிரப்பவும் நீங்கள்தான் உட்கார வேண்டும். போதாக்குறைக்கு, பரிந்துரைக் கடிதம் கேட்டு அந்த அட்வைசரிடமே போய் நிற்பார்கள். இரவு பதினொன்றரைக்கு வந்த மின்னஞ்சலில் எந்த வரி பிள்ளை எழுதியது, எது நாற்பத்தைந்து வயது புராஜெக்ட் மேனேஜர் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா?

பிள்ளை சொதப்பினால் பேர் கெட்டுவிடுமே என்ற பயம் புரிகிறது. ஒரு தரம் தவறினதும் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் அமைப்பு இல்லை இது. பொதுவாக எழுத்தில் எச்சரிப்பார்கள், திருத்திக்கொள்ள அவகாசம் தருவார்கள், நீக்குவது என்று வந்தால்கூடத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு. ஒரு கூட்டம் ஆளில்லாமல் போவதையும் ஒரு கணக்கு இருபது டாலர் இடிப்பதையும் பதினாறு வயதில் பார்ப்பது நல்லது, இருபத்தாறில் என்றால் செலவு அதிகம்.

நீங்கள் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது: காரில் கொண்டுபோய் விடுங்கள், பீட்சா வாங்கிக்கொடுங்கள், நாற்காலி தூக்குங்கள், கேட்டால் யோசனை சொல்லுங்கள். அட்வைசருக்கு எழுத வேண்டியதைப் பிள்ளையே எழுதட்டும், இலக்கணப் பிழையோடு போனாலும் போகட்டும். அப்புறம், செகரட்டரி வீட்டாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: அந்த ஹவர்ஸ் ஷீட்டில் எடிட் செய்யும் அனுமதி இருப்பவர்கள் பட்டியலில் உங்கள் ஜிமெயில் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே பார்க்கிங் லாட்டில் காத்திருக்கும் ஒரு அம்மா