நெற்றி வெளுக்காத ஒரு படம்

அன்புள்ள அண்ணன், அக்கா, நண்பர்கள் எல்லோருக்கும்,

வீட்டின் பின்னறையை ஸ்டுடியோவாக மாற்றி எட்டு மாதம் ஆகிறது. நேற்றுதான் நான் எடுத்த கிளாமர் போர்ட்ரெயிட் ஒன்றைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். கன்னமேட்டில் வெளிச்சம் பளிச்சென்று நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பளிச்சுக்குள்ளேயே தோலின் நுண்துளைகள் தெரிகின்றன. இதற்காக எத்தனை நாள் அலைந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவில் நன்றி சொல்வதே சரி என்று பட்டது.

ஆரம்பத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வெள்ளைத் திட்டு விழுந்தது. எக்ஸ்போஷர், அதாவது கேமரா வாங்கும் வெளிச்சம், அதிகம் என்று நினைத்து அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) என்று குறைத்துக்கொண்டே போனேன். திட்டு அப்படியே இருந்தது, முகம்தான் சாம்பல் பூத்தாற்போல மங்கியது. கையில் இருந்தது ஒரு சின்ன சாஃப்ட்பாக்ஸ், ஃபிளாஷ் விளக்கின் முன் வெள்ளைத் துணி மாட்டி வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி. முகத்தில் சூடு படக்கூடாது, கண் கூசக்கூடாது என்று அதை இரண்டு மீட்டர் தள்ளி வைத்திருந்தேன்.

அண்ணா, நீங்கள் வந்ததும் கேமராவைத் தொடவே இல்லை. ஸ்டாண்டைத் தூக்கி ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தீர்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதனால் ஃபிளாஷ் பவரைக் கால் பங்காக இறக்கினீர்கள். முகத்தின் எக்ஸ்போஷர் பழையபடியே இருந்தது. ஆனால் அந்தத் திட்டு அடங்கி, அகலமாகப் பரவி, தோலோடு கலந்துவிட்டது. எனக்கு அப்போது மாயம்போல இருந்தது. நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். தோல் வாங்கித் திருப்பும் வெளிச்சம் ஒன்று, தோலின் எண்ணெய்ப் பசையில் கண்ணாடிபோலத் தெரியும் சாஃப்ட்பாக்ஸின் பிம்பம் இன்னொன்று. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால் முதலாவது கூடும். பிம்பத்தின் பிரகாசம் கூடாது, அதன் அளவுதான் பெரிதாகும். பிறகு பவரைக் குறைக்கும்போது பிம்பமும் சேர்ந்து இறங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நான் லைட்டிங்கை உண்மையில் கற்க ஆரம்பித்தேன் என்று மனதாரச் சொல்கிறேன்.

கிட்டே வைத்ததால் அப்புறம் வேறொரு சிக்கல் வந்தது. விளக்கு மேலிருந்து சாய்ந்து பார்ப்பதால் நெற்றி அதற்கு ரொம்ப அருகில், கழுத்தடி தள்ளி. லைட் மீட்டரை இரவல் கொடுத்த நண்பரே, அது இல்லையென்றால் இதை நான் கண்டே இருக்க மாட்டேன். மீட்டர் வெளிச்சத்தை எஃப் எண்ணில் காட்டும், எண் பெரிதானால் வெளிச்சம் அதிகம். நெற்றியில் எஃப் 11, கழுத்தடியில் எஃப் 8. முழுதாக ஒரு ஸ்டாப் வித்தியாசம்! நெற்றி 90 செ.மீ., கழுத்தடி 130 செ.மீ. என்று டேப் வைத்து அளந்தபோது கணக்கும் அப்படியே வந்தது. சாஃப்ட்பாக்ஸின் மூக்கைக் கீழே இறக்கி, அதன் நடுவெளிச்சம் மார்புப் பக்கம் போகும்படியும் ஓர வெளிச்சம் மட்டும் நெற்றியைத் தொடும்படியும் திருப்பியதும் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. மீட்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இந்த வாரமே வந்து சேரும்.

மேக்கப் அக்காவுக்கு என்ன சொல்வது! "வெளுக்கிறது என்றால் பவுடர் போடு" என்று எல்லோரும் சொன்னபோது, முதலில் டிஷ்யூவை ஒற்றி எண்ணெயை எடுக்க வைத்தவர் நீங்கள். சிலிக்கா கலந்த பவுடரும், டைட்டானியம் டையாக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் நேரில் சாதாரணமாகத் தெரிந்து, ஃபிளாஷ் அடித்ததும் முகத்தை வெள்ளையாகக் காட்டும் என்பதை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் லைட்டின் மேல் போட்ட பழியில் பாதி சன்ஸ்கிரீனுக்குச் சேர வேண்டியது. நெற்றியையும் மூக்கையும் பளபளப்பில்லாமல் விட்டுவிட்டு, கன்னமேட்டிலும் உதட்டிலும் மட்டும் மினுமினுப்பை வைத்தீர்கள். கிளாமர் படத்தில் பளபளப்பை முழுக்கத் துடைத்துவிட்டால் முகம் களிமண்போல ஆகிவிடும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கண்மணியில் விழும் புள்ளி, கம்மல் கல், உதட்டு கிளாஸ் இவையெல்லாம் சுத்த வெள்ளையாகப் போகட்டும். தோல் மட்டும் போகக்கூடாது.

எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ரீடச் செய்யும் தம்பி, உனக்குக் கொடுத்த ஃபைல்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. கேமராவில் ஹிஸ்டோகிராம் (இருட்டிலிருந்து வெளிச்சம்வரை படத்தில் எது எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) வலது சுவரைத் தொடவில்லையே, அப்படியானால் எதுவும் வெளுக்கவில்லை என்று நான் வாதாடியபோது, மூன்று வண்ணத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினாய். சிவப்பு எப்போதோ உச்சத்தில் முட்டி நின்றிருந்தது. தோலில் முதலில் தீர்ந்துபோவது சிவப்புதான். அது நின்ற பிறகு பச்சை மட்டும் ஏறுவதால் அந்த இடம் மஞ்சளடித்து, ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் உயிர் வராது. ஒற்றைக் கோடாகக் காட்டும் பிரகாச ஹிஸ்டோகிராமில் பச்சைக்கே அதிக இடம், அதனால் இது ஒளிந்துகொள்ளும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தாலும், வெளுத்த இடத்தைக் காட்டத் திரையில் மின்னும் எச்சரிக்கை கேமரா உள்ளே தயாரிக்கும் ஜேபெக் படத்தை வைத்தே வருகிறது என்பதையும் நீதான் சொன்னாய். இப்போது அந்த ஜேபெக்கின் வண்ணத்தைத் தீர்மானிக்கும் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து, மூன்று வண்ண ஹிஸ்டோகிராமைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

பின்னாலிருந்து அடிக்கும் ரிம் லைட்டுக்கு அண்ணனுக்கே இன்னொரு நன்றி. வெளிச்சம் தோலைச் சாய்ந்து உரசிக்கொண்டு போகும்போது அதே பவர் கூடுதலாக வெளுக்க வைக்கும். முகத்துக்கு அடிக்கும் முக்கிய விளக்கான கீ லைட்டுக்குச் சமமாக வைத்திருந்த அதை ஒரு ஸ்டாப் இறக்கியதும் காதோரமும் தோளும் திரும்பக் கிடைத்தன. வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்பி நிழலைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு பக்கம் கறுப்புத் துணியை மூன்று மணி நேரம் கை வலிக்கப் பிடித்து நின்ற அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு.

கடைசியாக, மூன்று சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்த தோழிக்கு. ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒன்றே ஒன்று" என்று நான் கேட்டேன், ஒருமுறைகூட நீ முகம் சுளிக்கவில்லை. விளக்கு எங்கே நகர்ந்தாலும் மோவாயை அரை விரல் இறக்கி மூக்குத்தண்டின் பிம்பத்தை விலக்க நீயாகவே கற்றுக்கொண்டாய். பிரிண்டில் இருப்பது உன் முகம், அதனால் பெரிய பிரதி உனக்குத்தான். சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அறை காலிதான். அடுத்ததாகக் கறுப்பு பேக்டிராப்பில், ஒற்றை விளக்கில், ஈரக் கூந்தலோடு ஒரு படம் எடுக்க ஆசை. ஈர முடி முழுக்கக் கண்ணாடிபோல மின்னும், அதை எப்படி அடக்குவது என்று இன்னும் பிடிபடவில்லை. நேரம் இருப்பவர்கள் வாருங்கள்.

நிறைந்த நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் பின்னறை ஸ்டுடியோக்காரன்