ஒமேகா என்றால் 'முடிவு' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கிரேக்க எழுத்துகள் பற்றி வந்த கட்டுரையில், ஒமேகா (Ω) என்ற சொல்லுக்கு 'முடிவு' என்று பொருள் போட்டிருந்தீர்கள். நான் 31 வருடமாக ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவன். என் மீட்டரின் குமிழைச் சுற்றி அச்சடித்த குறிகளில் முதலில் அழிந்துபோனது அந்த எழுத்துதான். அவ்வளவு தடவை கை பட்டிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒமேகா என்றால் 'பெரிய ஓ', அவ்வளவுதான். மெகா என்றால் பெரிய. அதற்குச் சின்ன ஜோடி ஒன்று உண்டு: ஒமிக்ரான், 'சின்ன ஒ'. 2021 கடைசியில் கொரோனா புண்ணியத்தில் எல்லார் வாயிலும் புகுந்ததே, அதே எழுத்து. நம் கணக்கில் ஒன்று நெடில், மற்றது குறில்.

கிரேக்கர்கள், அந்தக் காலத்துக் கடல் வணிகர்களான ஃபினீசியரிடமிருந்து எழுத்துகளை வாங்கியபோது இந்த நெடில் கிடையாது. வட்டமாக ஒன்று இருந்தது. ஃபினீசியர் அதை 'அயின்' என்பார்கள். கண் என்று அர்த்தம். அவர்களுக்கு அது தொண்டையிலிருந்து வரும் மெய்யொலி. கிரேக்கப் பேச்சில் அந்த ஒலியே இல்லாததால், அதை உயிரெழுத்தாக்கிக்கொண்டார்கள். அப்புறம் கிழக்குப் பக்கத்துக் கிரேக்கர்களான அயோனியாக்காரர்கள் அந்த வட்டத்தை அடியில் திறந்து, இரண்டு முனைகளையும் வெளிப்பக்கம் வளைத்துவிட்டார்கள். நெடில் தயார். புதிதாக வந்தவன் வரிசையில் கடைசியில்தானே நிற்பான்? 24-ஆவது இடம் அப்படிக் கிடைத்தது. 'முடிவு' என்பது அந்த இடத்தால் ஒட்டிக்கொண்ட பொருள். பைபிளின் 'அல்பாவும் ஒமேகாவும்' அதைப் பரப்பியது.

ஏதென்ஸ் கி.மு. 403 வாக்கில்தான் இந்த எழுத்தை அரசு வழக்கில் ஏற்றது. அதுவரை அங்கே குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வட்டம். புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் ஒ, ஓ குழம்புகிற மாதிரிதான். பெரிய, சின்ன என்ற பெயர்களும் ரொம்பப் பின்னால், பைசாந்தியப் பேரரசு இருந்த இடைக்காலத்தில் வந்தவை. பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிட்டதால், பெயர் சொல்லித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

சரி, மீட்டருக்கு எப்படி வந்தது? மின்தடையை அளக்கும் அலகுக்கு ஜெர்மன் விஞ்ஞானி ஓம் பெயரை வைத்தார்கள்; ஒமேகாதான் அதன் குறி. அவர் பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் வெறும் வட்டம். 10-க்குப் பக்கத்தில் அதைப் போட்டால் 100 என்று படித்துவிடுவோம். அடி திறந்த ஓ-வில் அந்தத் தொல்லை இல்லை.

என்னிடம் தொழில் பழகும் பையனுக்கு அது 'லாடம்'. "அண்ணே, லாடத்துல வைக்கட்டுமா?" என்பான். உங்கள் கட்டுரையை வெட்டி அவனிடம் கொடுத்திருக்கிறேன், அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்