தயவுசெய்து வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய நூலகப் பருவ இதழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கோலாலம்பூர் ராக் இசை இதழ்களும் போட்டோஸ்டேட் சிற்றிதழ்களும் பைண்டிங் முடிந்து அலமாரிக்கு வந்துவிட்டன. நீலத் துணி, தங்க எழுத்து, பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. உள்ளேதான் அட்டை இல்லை, விளம்பரப் பக்கம் இல்லை, மூன்று ஓரமும் கத்திக்குப் போயிருக்கிறது. மீதமுள்ள பெட்டிகளையாவது வெட்டாதீர்கள்.

விளம்பரம்தானே என்று நினைத்திருப்பீர்கள். ஸர்ச், விங்ஸ் போன்ற பெரிய ராக் குழுக்களைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் ஏராளம் இருந்தன. ஒரு சின்னக் குழு எந்த மண்டபத்தில், எத்தனை ரிங்கிட் டிக்கெட்டுக்கு, எந்தக் குழுவுக்கு முன்னால் மேடையேறியது என்பதற்குப் பின்னட்டை விளம்பரத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை. குழுவின் டெமோ கேசட்டை, அதாவது மாதிரிப் பதிவைத் தபாலில் கேட்பவர்களுக்கு, 'பணத்தை நன்றாக மறைத்து அனுப்பவும்' என்ற வரியும் அங்கேதான் இருக்கும்.

ஏ4 தாளை மடித்து, தட்டச்சுத் துண்டுகளை விளிம்பு வரை ஒட்டி நகலெடுத்த இதழ்கள் இவை. ஓரமே விடாத பக்கத்தில் 5 மில்லிமீட்டர் சீவினால் வரியின் கடைசி எழுத்துகள் போய்விடும். முதுகில் போட்ட தையல் இன்னொரு சென்டிமீட்டரை விழுங்கிவிட்டது. தையலைப் பிரிக்காமல் ஸ்கேன்கூடச் செய்ய முடியாது.

1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதி போயிருக்குமே என்கிறீர்களா? 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் பெர்மிட் இல்லாமல் இரவோடு இரவாக நகலெடுத்து, கச்சேரி வாசலில் விற்றவர்களா கொண்டுபோய் ஒப்படைத்திருப்பார்கள்?

வெட்டுவது இந்த ஊர் ராக்குக்குப் புதிதில்லைதான். 1992இல், டிவியில் வர வேண்டுமானால் நீள முடியை வெட்டு என்றது அரசாங்கம். ஸர்ச் குழுவும் விங்ஸ் குழுவும் வெட்டிக்கொண்டன. முடியாவது திரும்ப வளர்ந்தது.

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்தது இதுதான். துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பியைப் பிடுங்கினால் மடிப்பு கிழியும். கம்பியின் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் நூல் கோத்துவிடலாம். பிவிசி உறை வேண்டாம். போட்டோஸ்டேட் மை அதில் ஒட்டிக்கொள்ளும், ஒரு நாள் உருவினால் எழுத்து உறையோடு வந்துவிடும். பாலியெஸ்டர் உறை விலை கூடத்தான், ஆனால் மை ஒட்டாது. ஸ்கேன் 400 டிபிஐ, வண்ணத்தில், அட்டை முதல் அட்டை வரை. தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. இரவில் ஏர்கோனை அணைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதம் அறைக்குள் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்தது போல.

கழித்த பக்கங்கள் பழைய பேப்பர் மூட்டையில் இன்னும் கிடந்தால், லோரி வருமுன் ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். நாங்களே வந்து பிரித்து, இதழ் வாரியாக அடுக்கித் தருகிறோம். அதுவரை, தயவுசெய்து, வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய இசை இதழ் சேகரிப்பாளர்கள் சிலர்,
கோலாலம்பூர்