மஞ்சள் அட்டைக்குப் பந்தயம் வேண்டாம்: சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழகத் தலைவர்களே, செயலாளர்களே,

வணக்கம். எங்கள் உதைபந்தாட்ட மைதானங்களின் வேலியோரத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யார் வெல்வார் என்று பந்தயம் கட்டியது போய், எந்த இலக்கக்காரன் மஞ்சள் அட்டை வாங்குவான், இடைவேளைக்கு முன்னா பின்னா என்று கட்டுகிறார்கள்.

போன மாதம் ஒரு காலிறுதியில் எல்லைக்கோட்டு மத்தியஸ்தராக நின்றேன். இரண்டு கோல் முன்னுக்கு நின்ற அணியின் எட்டாம் இலக்கப் பெடியன், விசில் ஊதிய பிறகு பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். ஆட்டத்தைத் தாமதித்ததற்கு மஞ்சள் அட்டை, விதிப்படி சரி. எனக்குப் பின்னால் கோல் விழுந்த மாதிரிக் கைதட்டல். "எட்டுக்கு விழுந்திட்டுது, காசை எடு!"

ஆட்டம் முடிந்ததும் காசை விட்டவர்கள் நடு மத்தியஸ்தரைச் சுற்றிக்கொண்டார்கள். "எவ்வளவு வாங்கினனீ?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மனுசன். தன்னிடம் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, காற்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டு அட்டை, ஒரு கட்டைப் பென்சில், மோட்டார் சைக்கிள் திறப்பு. அன்றோடு விசிலை வைத்துவிட்டார். அவரைப்போல இன்னொருவரை எங்கே தேடப் போகிறீர்கள்?

அந்தப் பெடியன் காசு வாங்கினான் என்று நான் சொல்லவில்லை. அதை நிரூபிப்பதும் லேசில்லை. அப்போது இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு ஆடிய லூக்காஸ் பக்கெட்டா வேண்டுமென்றே மஞ்சள் அட்டை வாங்கினார் என்று 2024 மே மாதம் குற்றம் சாட்டினார்கள். 2025 ஜூலையில்தான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பழியோடு விளையாடினார். அதே நாட்டின் லிங்கன் சிற்றிக் கழகத்துக்கு ஆடிய பிராட்லி வூட்டோ, எஃப்.ஏ. கிண்ணப் போட்டிகள் இரண்டில் வேண்டுமென்றே அட்டை வாங்கியதற்காக 2018இல் ஆறு வருடத் தடை பெற்றார். அவுஸ்திரேலியாவில் மெக்காதர் கழக வீரர்கள் மூவர் இதே விவகாரத்தில் 2024இல் கைதானார்கள். ஆட்டத்தையே விற்கப் பல பேர் சேர வேண்டும். அட்டைக்கு ஒருவன் போதும். அதனால்தான் காசுக்காரர் அட்டையைப் பிடிக்கிறார்கள்.

எனவே கேட்கிறேன்: உங்கள் மைதானத்தில் அட்டைக்குப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுங்கள். எங்கள் இலங்கையிலும் விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்க 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆட்டத்தில் நடப்பதைக் காசுக்காக முன்கூட்டியே தீர்மானிக்கிற ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருடம் வரை சிறை. மேசன் வேலை முடித்து வந்து பூட்ஸ் கட்டுகிற பெடியனுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. பரிசுத்தொகை ஏறுகிறது, ஒலிபெருக்கி இரவிரவாக அலறுகிறது. கால் முறிந்த பெடியனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மட்டும் ஓட்டோ பிடிக்க ஆளில்லை. மத்தியஸ்தருக்கு உடுப்பு மாற்ற ஓர் அறை இல்லை. இதையெல்லாம் எத்தனை கூட்டத்தில்தான் சொல்வது?

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றே. அட்டைக்குப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுங்கள். அணிகளைப் பதியும்போதே அதை விதியாக எழுதி, தலைவரிடமும் வீரர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். வேலியோரம் காசு பிடிப்பவர்களை வெளியேற்றக் கழகத்துப் பெரியவர்கள் இரண்டு பேரையாவது நிறுத்துங்கள். அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன்னரே இதைச் செய்துதருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லைக்கோட்டு மத்தியஸ்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்